டா வின்சி கோட் புதினத்தில் சமய மறைபொருளும் குறியீடுகளும்: மெய்ம்மைக் கோரலும் புனைவு உத்தியும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் டான் பிரௌன் எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த 'டா வின்சி கோட்' என்னும் புதினம், கிறித்தவ வரலாற்றில் திருச்சபையால் மறைக்கப்பட்டதாகக் கூறப்படும் ஓர் இரகசியத்தை ஓவியம், கட்டடம், எழுத்துமாற்று, மறையெழுத்து ஆகியவற்றின் வழியே அவிழ்த்துச் செல்கிறது. இப்புதினத்தின் பிழைகளைப் பட்டியலிட்ட நூல்கள் பல வெளிவந்துள்ளன. அப்பிழைகள் வாசகரிடம் உண்மையாக நிலைபெறும் வழிமுறையைப் பேசியவை குறைவு. புதினம் கையாளும் குறியீடுகளை அவற்றின் வரலாற்று மூலத்தோடு ஒப்பிட்டு, மெய்யும் புனைவும் எவ்விடத்தில் ஒட்டவைக்கப்பட்டுள்ளன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சதிப்புனைவு, குறியீடு, எழுத்துமாற்று, மறையெழுத்து, மகதலா மரியா, நிசேயாப் பொதுச்சங்கம், சீயோன் துறவுச்சபை

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட கட்டுரையொன்று, இயேசுவின் இறைத்தன்மை கி.பி. நான்காம் நூற்றாண்டில் நடந்த வாக்கெடுப்பில் மிகச் சிறிய வேறுபாட்டில் முடிவு செய்யப்பட்டது என்று கூறிச் சென்றது. கலந்துரையாடலின்போது சான்று வினவப்பட்டது. 'டா வின்சி கோட்' என்று விடை வந்தது. அவையில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் சிரித்தவர்களுள் எத்தனை பேர் அச்செய்தி தவறு என்று முன்பே அறிந்திருந்தனர் என்பது ஐயத்திற்குரியது. இக்கட்டுரையாளரும் இளங்கலை பயின்ற காலத்தில் அப்புதினத்தை வாசித்து, 1099ஆம் ஆண்டில் தோன்றிய ஓர் இரகசியச் சபை இன்றும் இயங்குவதாகச் சில காலம் நம்பியவரே. அந்நம்பிக்கை எங்ஙனம் உண்டாயிற்று என்ற வினாவே இவ்வாய்வின் தொடக்கம்.

கதைப்பொருளைச் சுருக்கமாகக் கூறலாம். பாரிசிலுள்ள லூவ்ரு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் ழாக் சோனியேர் கொலையுறுகிறார். இறக்கும் தறுவாயில் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை ஹார்வர்டு பேராசிரியர் இராபர்ட் லாங்டனும், காவல்துறையின் மறையெழுத்து வல்லுநரும் சோனியேரின் பேர்த்தியுமான சோஃபி நெவோவும் அவிழ்க்கின்றனர். இலே டீபிங் என்னும் செல்வந்த வரலாற்றாளர் இடையில் இணைகிறார். திருக்கிண்ணம் என்பது ஒரு கலமன்று, மகதலா மரியாவே அது. அவர் இயேசுவின் மனைவி. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் உளர் என்பதே புதினம் அவிழ்க்கும் மறைபொருளாகும். லாங்டன் கற்பிப்பதாகக் கூறப்படும் 'குறியீட்டியல்' என்னும் துறை ஹார்வர்டில் இல்லை. இல்லாத துறைக்குப் பேராசிரியராக இருப்பதால் சமயம், ஓவியம், கணிதம், மொழியியல் ஆகிய அனைத்திலும் தடையின்றிப் பேசும் உரிமை அப்பாத்திரத்திற்குக் கிடைத்துவிடுகிறது என்பது கருதத்தக்கது.

முகப்புப் பக்கம் செய்யும் வேலை

கதை தொடங்குமுன் 'உண்மை' என்ற தலைப்பில் ஒரு பக்கம் அமைந்துள்ளது. சீயோன் துறவுச்சபை 1099இல் நிறுவப்பட்ட மெய்யான அமைப்பு என்றும், அதன் உறுப்பினர் பெயர்களைக் காட்டும் ஆவணங்கள் 1975இல் பிரான்சு தேசிய நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன என்றும், ஓபுஸ் தேயி என்னும் கத்தோலிக்க அமைப்பு மெய்யானது என்றும், புதினத்தில் வரும் கலைப்பொருள், கட்டடம், ஆவணம், இரகசியச் சடங்கு ஆகியவற்றின் வருணனைகள் துல்லியமானவை என்றும் அப்பக்கம் அறிவிக்கிறது.

இவ்வறிவிப்பின் சொல்லமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. கலைப்பொருள்களைப் பற்றிய 'வருணனைகள்' துல்லியமானவை என்றே கூறப்படுகிறது. அவற்றைப் பற்றிப் பாத்திரங்கள் கூறும் விளக்கங்கள் துல்லியமானவை என்று கூறப்படவில்லை. வாசகர் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வதில்லை. நூலாசிரியரும் அதை எதிர்பார்த்திருக்க இயலாது. மேலும், ஓபுஸ் தேயி உண்மையில் உள்ளது. ஹோசே மரியா எஸ்கிரிவா என்னும் குருவால் 1928இல் ஸ்பெயினில் தொடங்கப்பட்டு, 1982இல் திருத்தந்தையால் தனி ஆட்சியமைப்பாக உயர்த்தப்பட்டது. அதில் துறவியர் எவரும் இல்லாமையால், புதினத்தில் வரும் சைலஸ் போன்ற துறவுடை தரித்த கொலையாளி ஒருவர் அமைப்பின் இயல்புக்கே பொருந்தாதவர். ஆயினும் அமைப்பு மெய் என்பதால் அருகிலுள்ள சீயோன் துறவுச்சபையும் மெய்யெனக் கொள்ளப்படுகிறது. சரிபார்க்கத்தக்க ஒன்றன் அருகில் சரிபார்க்க இயலாத ஒன்றை வைத்து, முன்னதன் நம்பகத்தைப் பின்னதற்கு மாற்றும் இவ்வுத்தியே புதினம் முழுவதும் தொழிற்படுகிறது.

ஓர் ஆவணம் உருவாக்கப்பட்ட கதை

சீயோன் துறவுச்சபையின் மெய்யான வரலாறு புதினத்தினும் சுவையானது. பியேர் பிளாந்தார் என்பவர் 1956ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியில் சிலரோடு சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். அருகிலுள்ள ஒரு குன்றின் பெயர் சீயோன். சங்கத்தின் பெயர் அதிலிருந்து வந்தது, எருசலேமிலிருந்து வந்ததன்று. அச்சங்கம் வெளியிட்ட செய்தி மடல் குறைந்த வாடகைக் குடியிருப்புகளில் வாழ்வோரின் உரிமைகளைப் பேசியது. இயேசுவின் குருதிவழிக்கும் இதற்கும் தொடர்பேதும் இல்லை.

அதே 1956இல் பிரான்சின் தென்பகுதியில் வேறொரு கதை பரவிக்கொண்டிருந்தது. இரென்-லெ-சாத்தோ என்னும் சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பங்குக் குருவாக இருந்த பெராஞ்சேர் சோனியேர், திடீரெனச் செல்வம் பெற்று மாளிகையும் கோபுரமும் கட்டினார். திருப்பலிகளுக்கெனப் பல இடங்களிலிருந்தும் காணிக்கை பெற்றுச் சேர்த்த பணம் அது என்பதும், அதன் பொருட்டு மறைமாவட்டம் அவர்மீது நடவடிக்கை எடுத்தது என்பதும் பதிவாகியுள்ளன. அவருடைய இல்லத்தைப் பின்னர் வாங்கி உணவு விடுதி நடத்திய நொயேல் கோர்பு, குரு புதையல் கண்டெடுத்தார் என்ற கதையை நாளிதழ் வழியே பரப்பினார். விடுதிக்கு விருந்தினர் வேண்டியிருந்தது. பிளாந்தாரும் அவருடைய நண்பர் பிலிப் தெ செரிசேயும் இக்கதையை எடுத்துக்கொண்டு, பழந்தோற்பத்திரங்களைப் போலியாக வரைந்தனர். சங்கத்தின் பெருந்தலைவர்களாக லியோனார்தோ, போத்திச்செல்லி, நியூட்டன், விக்தோர் யூகோ, ழான் கொக்தோ முதலியோரின் பெயர்களை நிரலாக எழுதினர். தட்டச்சிட்ட அத்தாள்களை 1960களில் தேசிய நூலகத்தில் வைப்புச் செய்தனர்.

இங்கு ஆய்வாளர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நூலகத்தில் ஓர் ஆவணம் இருத்தல் என்பது அது நூலகத்திற்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. பட்டியல் எண் பெற்ற காரணத்தால் ஒரு தாள் தொன்மை பெற்றுவிடுவதில்லை. தமிழ்ச் சுவடிப் பதிப்பில் பயின்றோர்க்கு இது புதியதன்று. ஆயினும் 1982இல் மைக்கேல் பெய்ஜென்ட், ரிச்சர்டு லே, ஹென்றி லிங்கன் ஆகிய மூவரும் எழுதிய 'தி ஹோலி பிளட் அண்ட் தி ஹோலி கிரெயில்' என்னும் நூல் அவ்வாவணங்களை நம்பி, அவற்றின்மேல் இயேசுவின் குருதிவழி என்ற கருதுகோளைக் கட்டி எழுப்பியது. 1993இல் ஒரு நிதி முறைகேடு விசாரணையின்போது, அனைத்தும் தம் புனைவே என்று பிளாந்தார் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. புதினம் வெளிவந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து.

பெயர்களும் எழுத்துமாற்றும்

தன் மூலத்தைப் புதினம் மறைக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். கொலையுண்ட காப்பாட்சியருக்கு இரென்-லெ-சாத்தோ குருவின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. இலே டீபிங் என்னும் பெயரின் முதற்பகுதி மூவருள் ஒருவருடைய குடும்பப்பெயர். பிற்பகுதி பெய்ஜென்ட் என்ற பெயரின் உரோமன் எழுத்துகளை இடம்மாற்றி அமைத்தது. ஆயர் அரிங்கரோசாவின் பெயரும் விளையாட்டே. ஆங்கிலத் துப்பறியும் கதை மரபில் வாசகரைத் திசைதிருப்பும் பொய்த்தடத்தைச் 'சிவந்த ஹெர்ரிங் மீன்' என்பர். அத்தொடரை இத்தாலிய மொழியில் ஏறக்குறையப் பெயர்த்தால் கிடைப்பது அரிங்கரோசா. அவர்மீது விழும் ஐயம் பொய்த்தடமே என்பது கதையின் முடிவில் தெளிவாகிறது. இவையெல்லாம் நேர்மையான விளையாட்டுகள். தேடுவோர்க்கு விடை நூலுள்ளேயே உள்ளது.

கொலைக்களத்தில் எழுதப்பட்ட எண்களும் இத்தகையனவே. 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்னும் ஃபிபனாச்சித் தொடரின் முதல் எட்டு எண்கள் முறைமாற்றித் தரப்பட்டுள்ளன. அவற்றை ஒழுங்குபடுத்தினால் பின்னர் ஒரு வங்கிக் கணக்கைத் திறக்கும் எண் கிடைக்கிறது. எண்கள் முறைமாறியிருத்தலே, அடுத்துள்ள இரு வரிகளின் எழுத்துகளும் முறைமாறியுள்ளன என்பதற்குக் குறிப்பு. அவ்வரிகள் ஓவியரின் பெயரையும் மோனா லிசாவின் பெயரையும் தருகின்றன. வாசகர் தாமே தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கலாம். சரியாகவே வரும்.

இவ்வாறு ஈட்டிய நம்பிக்கையைப் புதினம் வேறிடத்தில் செலவிடுகிறது. அதற்குத் தக்க எடுத்துக்காட்டு அத்பாஷ் மறையெழுத்து. எபிரேய நெடுங்கணக்கின் முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்தையும், இரண்டாம் எழுத்துக்குக் கடைசிக்கு முந்தியதையும் இட்டு எழுதும் முறை இது. விவிலியத்தில் எரேமியா நூலில் பாபேல் என்பது சேசாக்கு என வருதல் இம்முறையால்தான் என்பது விவிலிய அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. எனவே மறையெழுத்து மெய், பழமையும் மெய். தெம்ப்ளர் வீரத்துறவியர் வழிபட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பஃபோமெத் என்னும் உருவின் பெயரை இம்முறையில் மாற்றினால் 'சோஃபியா', அதாவது ஞானம், வரும் என்பது ஹியூ ஷான்ஃபீல்டு என்னும் ஆய்வாளர் முன்வைத்த கருத்து. அதனையே புதினம் எடுத்தாள்கிறது. பெத், பே, வாவ், மேம், தாவ் என்னும் ஐந்தெழுத்துகளும் முறையே ஷின், வாவ், பே, யோத், ஆலெஃப் என மாறுகின்றன. கணக்கு பிழையின்றி முடிகிறது.

ஆனால் வரலாறு இக்கணக்குக்கு இடம் தரவில்லை. பஃபோமெத் என்ற சொல் 1098இல் சிலுவைப்போர் வீரர் ஒருவர் எழுதிய மடலிலேயே, இசுலாமியர் போர்க்களத்தில் அழைத்த பெயராக வருகிறது. தெம்ப்ளர் சபை தோன்றியது அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து. நபிகள் நாயகத்தின் பெயர் பிரெஞ்சு வழக்கில் திரிந்து வழங்கிய வடிவமே அது என்பது பெரும்பாலோர் முடிவு. தாம் தோன்றுமுன்பே பிறர் வழங்கிய ஒரு சொல்லுக்குள், தாம் எழுதாத எபிரேய மொழியில் தெம்ப்ளர்கள் ஒரு பெண்தெய்வத்தை ஒளித்துவைத்திருக்க இயலாது. விடுகதையின் விடை பொருந்துதல் வேறு, அவ்விடையை முன்னோர் ஒளித்துவைத்தனர் என்பது வேறு. முதலாவதை மெய்ப்பித்துவிட்டு இரண்டாவதும் மெய்ப்பிக்கப்பட்டதாகக் காட்டுவது இப்புதினத்தின் தனித்திறன்.

மோனா லிசா பற்றிய விளக்கத்திலும் இதே வழு உண்டு. அப்பெயர் எகிப்தியத் தெய்வங்களான ஆமோன், ஐசிஸ் ஆகியோரின் பெயர்களை உள்ளடக்கிய எழுத்துமாற்று என்கிறார் லாங்டன். அப்பெயரை ஓவியர் இட்டதாகச் சான்றில்லை. லியோனார்தோ மறைந்தது 1519இல். ஓவியத்தை லிசா அம்மையாரின் பெயரால் குறித்து அதனைப் பரவச் செய்தது வசாரி 1550இல் வெளியிட்ட கலைஞர் வரலாற்று நூல். இத்தாலியர் இன்றும் அதனை 'லா ஜோகொந்தா' என்றே வழங்குவர். ஓவியர் சூட்டாத பெயரில் ஓவியரின் மறைபொருள் இருப்பது எங்ஙனம்? நூற்பெயரையே எடுத்துக்கொண்டாலும், 'தா வின்சி' என்பது வின்சி என்னும் ஊரினர் என்று பொருள்படும் அடைமொழியே தவிரப் பெயரன்று. கலை வரலாற்றாளர் அவரை லியோனார்தோ என்றே சுட்டுவர்.

இறுதி இராவுணவு

புதினத்தின் மையமான ஓவிய விளக்கம் மிலான் நகரின் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே துறவகத்தின் உணவுக்கூடச் சுவரிலுள்ள 'இறுதி இராவுணவு' பற்றியது. 1495 முதல் 1498 வரை வரையப்பட்டதாகக் கொள்ளப்படும் இவ்வோவியத்தில், இயேசுவின் வலப்புறம் அமர்ந்திருப்பவர் யோவான் அல்லர், மகதலா மரியா என்பது டீபிங்கின் கூற்று. மென்முகம், நீள்கூந்தல், இருவருக்கும் இடையே தோன்றும் கிண்ணவடிவ இடைவெளி, மேசைமேல் தனிக்கிண்ணம் இன்மை, பேதுருவின் அருகே தெரியும் கத்தி ஏந்திய கை ஆகியவை சான்றுகளாகக் காட்டப்படுகின்றன.

இவற்றை ஒவ்வொன்றாக நோக்கலாம். தாடியற்ற இளைஞராக யோவானை வரைதல் புளோரன்சு நகர மரபு. கஸ்தாஞோ, கிர்லாந்தாயோ ஆகியோர் லியோனார்தோவுக்கு முன்னர் வரைந்த இராவுணவு ஓவியங்களிலும் அவர் அவ்வாறே உள்ளார். சுவிட்சர்லாந்தின் போந்தே கப்ரியாஸ்காவில் உள்ள 16ஆம் நூற்றாண்டுப் படியில் திருத்தூதர் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அவ்விடத்திற்குரிய பெயர் யோவான். எளிய எண்ணிக்கை ஒன்றும் உண்டு: மேசையில் இயேசுவைத் தவிரப் பன்னிருவர் உளர். ஒருவர் மகதலா மரியா எனின், இயேசுவின் அன்புச் சீடர் அவ்விரவில் எங்கே சென்றார் என்பதற்கு டீபிங் விடை கூறவில்லை.

கிண்ணம் இன்மைக்குக் காரணம் ஓவியம் தேர்ந்துகொண்ட நொடி. உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என இயேசு அறிவித்த கணத்தின் அதிர்ச்சியையே லியோனார்தோ வரைகிறார். இக்காட்சியை விரிவாகக் கூறும் யோவான் நற்செய்தியில் அப்பமும் இரசமும் அருளும் நிகழ்ச்சி இடம்பெறவில்லை. கத்தி ஏந்திய கை எவருக்கும் உரியதன்று எனப் புதினம் மருட்டுகிறது. அது மணிக்கட்டு பின்னோக்கி வளைந்த பேதுருவின் வலக்கையே. அக்கைக்கென ஓவியர் தனியே வரைந்த பயிற்சி வரைவு இங்கிலாந்து அரச குடும்பத் தொகுப்பில் உள்ளது. அன்றிரவு தோட்டத்தில் பணியாளன் ஒருவனின் காதை வெட்டவிருப்பவர் பேதுரு என்பதை அறிந்தோர்க்கு அக்கத்தியின் பொருள் விளங்கும்.

இவற்றினும் அடிப்படையான தடை ஒன்றுண்டு. புதினம் இதனை ஈரச்சுவர் ஓவியம் என்கிறது. லியோனார்தோ உலர்ந்த சுவரின்மேல் வண்ணக் கலவை பூசும் முறையைக் கையாண்டார். அதன் பயனாக அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652இல் சுவரில் வாயில் ஒன்று வெட்டப்பட்டு இயேசுவின் பாதப்பகுதி அழிந்தது. 1978 முதல் 1999 வரை நடந்த மீட்புப்பணிக்குப் பின் எஞ்சியுள்ள மூல வண்ணம் மிகக் குறைவு. இத்தகைய முகத்தின் மென்மையைக் கொண்டு ஆண்பெண் வேறுபாட்டை முடிவு செய்வது, சிதைந்த சுவடியின் ஓட்டையில் தம் விருப்பப் பாடத்தை நிரப்புவதை ஒக்கும்.

கட்டடங்கள்

கட்டடம் பற்றிய கூற்றுகளைச் சுருக்கமாகவே கூறலாம். அவை எளிதில் எண்ணவும் அளக்கவும் தக்கவை. லூவ்ரு முற்றத்தில் 1989இல் திறக்கப்பட்ட கண்ணாடிப் பிரமிடு 666 பலகைகள் கொண்டது என்கிறது புதினம். அருங்காட்சியகம் தரும் கணக்கு 673. பாரிசின் சேன் சுல்பீஸ் ஆலயத் தரையிலுள்ள பித்தளைக் கோடு மறைசமய நினைவுச் சின்னமன்று; ஈஸ்டர் நாளைக் கணிக்கும் பொருட்டு 18ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட கதிரவ நிழற்கருவி. பாரிசு நெடுங்கோடு அவ்வழிச் செல்லவும் இல்லை. சாளரத்திலுள்ள இரு எழுத்துகள் சீயோன் சபையைக் குறிப்பன அல்ல, ஆலயத்தின் பாதுகாவலரான பேதுரு, சுல்பீஸ் ஆகிய புனிதர்களின் பெயர் முதலெழுத்துகள் என்று ஆலயத்தார் அறிவிப்பே வைக்க வேண்டியதாயிற்று. ஸ்காத்லாந்தின் ரோஸ்லின் சிற்றாலயம் 1446இல் சின்கிளேர் குடும்பத்தாரால் நிறுவப்பட்டது. அதற்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே தெம்ப்ளர் சபை கலைக்கப்பட்டுவிட்டது. அவ்வூர்ப் பெயரில் ரோசா மலரும் இல்லை.

நிசேயாவும் நற்செய்தி நூல்களும்

கருத்தரங்கக் கட்டுரை எடுத்தாண்ட செய்திக்கு இனி வரலாம். கான்ஸ்தந்தீன் பேரரசர் கூட்டிய நிசேயாப் பொதுச்சங்கம் 325இல் நடந்தது. அங்கு எழுந்த சிக்கல் இயேசு இறைவனா வெறும் மனிதரா என்பதன்று. மகன் தந்தையோடு ஒரே பொருளினரா, அன்றித் தந்தையால் படைக்கப்பட்டவர்களுள் முதல்வரா என்பதே வினா. அலெக்சாந்திரியக் குரு ஆரியுசு பின்னதைக் கூறினார். அவரும்கூட இயேசுவை வெறும் மனிதர் என்று கூறவில்லை. சங்கத்தின் முடிவுக்கு இறுதிவரை உடன்பட மறுத்த ஆயர்கள் இருவர். இருநூறுக்கும் மேற்பட்டோர் கூடிய அவையில் இருவர் மறுத்ததை நெருக்கமான வாக்கு என்றல் பொருந்தாது.

விவிலிய நூல்களைத் தெரிவு செய்ததும் அச்சங்கம் அன்று. நான்கு நற்செய்திகளே உரியவை என்று இரனேயு 180ஆம் ஆண்டளவிலேயே வாதிட்டார். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் இன்றுள்ளவாறே நிரல்படுத்தும் மடலை அத்தனாசியு எழுதியது 367இல். இவ்விரண்டுக்கும் நடுவில் நீண்டதொரு வழக்காற்று வளர்ச்சி உண்டு. ஓரிரவில் ஓர் அரசன் முடிவு செய்தான் என்பதைவிட அது சலிப்பூட்டும் வரலாறு, புதினத்திற்கு உதவாது.

பிலிப்பு நற்செய்தி பற்றிய வாதம் மொழியியலாளர்க்கு உரியது. அதில் மகதலா மரியா இயேசுவின் துணைவர் எனப்படுகிறார். அக்காலத்து அரமேயச் சொல்லில் துணைவர் என்பது மனைவியையே குறிக்கும் என்கிறார் டீபிங். 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த அச்சுவடி அரமேய மொழியில் இல்லை. அது கொப்திய மொழியினது. அங்குள்ள சொல் கிரேக்கத்திலிருந்து கடனாக வந்த 'கொய்னோனோஸ்'. பங்காளி, தோழர், உடன்பங்கு கொள்வோர் எனப் பொருள் விரியும். மனைவிக்கு வேறு நேரிய சொல் உண்டு. மகதலா மரியாவை இயேசு முத்தமிட்டதைக் கூறும் தொடரில், முத்தமிட்ட இடத்தைக் குறிக்கும் சொல் இருந்த பகுதி சிதைந்துள்ளது. புதினம் தரும் சொல் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. சாக்கடல் சுவடிகளையும் டீபிங் சான்றாக அழைக்கிறார். 1947இல் கிடைக்கத் தொடங்கிய அவை யூத சமயச் சுவடிகள், இயேசுவைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

திருமண வாதத்திற்கு எதிரான வலிய சான்று பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவதில்லை. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலில், மனைவியை உடன் அழைத்துச் செல்லும் உரிமை தமக்கும் உண்டு என வாதிடுகையில், பிற திருத்தூதரையும் ஆண்டவரின் சகோதரரையும் கேபாவையும் எடுத்துக்காட்டாகச் சுட்டுகிறார். இயேசு மணமானவராயின் முதலில் கூறவேண்டிய பெயர் அதுவே.

மகதலா மரியா: புதினம் தொட்ட மெய்யான புண்

மேற்கூறிய அனைத்தையும் கொண்டு இப்புதினத்தைப் புறந்தள்ளுவது எளிது. ஆனால் பல கோடிப் படிகள் விற்ற ஒரு நூல் வெறும் புதிர்களால் மட்டும் அந்நிலையை எய்தியது என்பது ஏற்புடையதன்று. அதன் நடுவில் மெய்யான ஓர் அநீதி உள்ளது.

நற்செய்தி நூல்களில் மகதலா மரியா பாவத்தொழில் புரிந்தவர் என்று ஓரிடத்தும் கூறப்படவில்லை. ஏழு பேய்களினின்றும் விடுவிக்கப்பட்டவர், இயேசுவோடு உடன்சென்று பணிவிடை புரிந்தவர், சிலுவையடியில் நின்றவர், உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு பிறர்க்கு அறிவித்தவர் என்பனவே செய்திகள். 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரையில், லூக்கா கூறும் பெயரற்ற பாவியான பெண், பெத்தானியா மரியா, மகதலா மரியா ஆகிய மூவரும் ஒருவராக்கப்பட்டனர். அன்று முதல் மேலைத் திருச்சபையின் ஓவியங்களிலும் மறையுரைகளிலும் அவர் மனந்திரும்பிய விலைமகளாகவே நின்றார். கீழைத் திருச்சபைகள் மூவரையும் வேறுவேறாகவே போற்றின. திருத்தூதருக்கு நிகரானவர் என்றும் அவரை அழைத்தன. கத்தோலிக்க நாள்காட்டி 1969இல் இதனைத் திருத்தியது. 2016இல் அவருடைய நினைவுநாள், திருத்தூதர்களின் விழாக்களுக்கு இணையான விழாவாக உயர்த்தப்பட்டது.

ஆக, ஒரு பெண்ணின் பெருமை பதின்மூன்று நூற்றாண்டுக் காலம் மறைந்திருந்தது என்பது மெய். மறைத்தற்கு இரகசியச் சதி தேவைப்படவில்லை. ஒரு மறையுரையும் அதனை ஐயுறாத பழக்கமும் போதுமாயின. புதினம் இவ்வுண்மையைத் தொட்டுவிட்டு, அதற்கு ஈடாக அவருக்கு வழங்குவது மனைவி, தாய் என்னும் நிலைகளை. முதற்சாட்சி, அறிவிப்பாளர் என்ற தகுதி அதில் ஓரிடமும் பெறவில்லை. பெண்மையின் மேன்மையை மீட்பதாகக் கூறும் நூல், மகதலா மரியாவை அவர் தாங்கிய கருவின் கலமாகவே காண்கிறது என்பது இக்கட்டுரையாளரின் முதன்மையான குறை. மேற்குறித்த பிழைகளைவிட இதுவே பெரிது.

சூனியக்காரியர் வேட்டையில் ஐம்பது இலட்சம் பெண்கள் எரிக்கப்பட்டனர் என்ற புதினத்தின் கூற்றும் இவ்வகையினது. வரலாற்றாளர் இன்று கூறும் எண்ணிக்கை ஏறத்தாழ 40,000 முதல் 60,000 வரை. அவர்களுள் ஆண்களும் உண்டு. கொடுமை மெய், அதனை நூறு மடங்காக்கியதால் கொடுமையின் வரலாறு ஐயத்திற்குள்ளாகிறது.

பிழை காண்போர் பெரும்பாலும் கவனியாத ஒன்று, நிசேயா, பிலிப்பு நற்செய்தி, இராவுணவு ஆகியவற்றை விளக்கும் டீபிங்தான் இறுதியில் கொலைகளை ஏவிய 'ஆசான்' என வெளிப்படுகிறார் என்பது. தன் கொள்கையை மெய்ப்பிக்கும் வெறியால் மனித உயிர்களைப் பலியிட்டவரின் வாக்குமூலத்தை நம்பலாமா என்ற வினாவை அக்கதைமுடிச்சு எழுப்பியிருக்கலாம். ஆவணங்களும் கடைசிவரை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் டீபிங்கின் கூற்றுகளை லாங்டன் உடனிருந்து ஆமோதிக்கிறார்; முகப்புப் பக்கமும் பின்னால் நின்று உறுதி கூறுகிறது. எனவே அவ்வினா எழாமலே போகிறது.

2006: இரு நீதிமன்றங்கள்

மெய்யா புனைவா என்ற வினாவை 2006இல் இரு நீதிமன்றங்கள் எதிர்கொண்டன. இலண்டன் உயர் நீதிமன்றத்தில் பெய்ஜென்ட்டும் லேயும் தம் நூலின் மையக்கருத்தைப் புதினம் எடுத்தாண்டதாகப் பதிப்பகத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். கருத்துகளுக்கும் வரலாற்றுக் கருதுகோள்களுக்கும் அந்தப் பொதுநிலையில் பதிப்புரிமை இல்லை என ஏப்ரல் 7 அன்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. தாம் எழுதியது கண்டறிந்த வரலாறு என்று கூறியவர்கள் அதற்குத் தனியுரிமை கோரியதே முரண். அது தம் கற்பனை என்று கூறியிருப்பின் வழக்கு வலுப்பெற்றிருக்கும், நூல் வலுவிழந்திருக்கும்.

சென்னையில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். ரான் ஹோவர்டு இயக்கிய திரைப்படத்திற்கு, கதை கற்பனையே என்ற அறிவிப்போடு தணிக்கை வாரியம் வயதுவந்தோர்க்கான சான்று வழங்கியிருந்தது. சமய உணர்வு புண்படும், பொது அமைதி கெடும் என்ற காரணத்தால் தமிழ்நாடு அரசு அதன் திரையிடலைத் தடை செய்தது. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. எதிர்ப்பு எழும் என்ற அச்சத்தால், சான்று பெற்ற படத்தை அரசு முடக்குதல் ஆகாது என்பது 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்பட வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி; அந்நெறி இங்கும் பொருந்தியது. நூலின் முகப்பில் 'உண்மை' என்ற பக்கம் நிற்க, அதன் திரைவடிவம் கற்பனை என்ற அறிவிப்பைத் தாங்கி வந்தது.

இலண்டன் தீர்ப்பில் மற்றொரு செய்தியும் உண்டு. தீர்ப்புரையின் சில பக்கங்களில் ஓரிரு எழுத்துகள் காரணமின்றிச் சாய்ந்து அச்சாகியிருப்பதைச் சிலர் பின்னர்க் கண்டனர். நீதிபதி பீட்டர் சுமித் அவற்றுள் ஒரு மறையெழுத்தை ஒளித்திருந்தார். ஃபிபனாச்சி எண்களைத் திறவுகோலாகக் கொண்டு அவிழ்த்தபோது வெளிவந்தது குருதிவழி பற்றிய இரகசியமன்று. ழாக்கி ஃபிஷர் என்னும் பிரித்தானியக் கடற்படைத் தளபதியின் பெயரும், அவர் முயற்சியால் 1906இல் கடலில் இறக்கப்பட்ட டிரெட்னாட் போர்க்கப்பலின் பெயரும்.